முதல், வாரம், கூலி

பிலவங்க வருஷம் பங்குனி. கீழக்கரைச் சங்குக் கொட்டடிக்கு
உதவிக் கலெக்டர் டாட்ஸ்வெல் துரை அனுப்பிய கோணி.
கோணிக்குள் எண்ணெய்த்துணி, அதற்குள் ஒரு புத்தகம்,
புத்தகத்துக்குள் கரையான் இரண்டு,
அதற்கும் உள்ளே உலகம் பணம் பண்ணும் விதம்.
பிரெஞ்சில் வந்தாயிற்றாம், ஜெர்மனில், வங்காளத்தில்கூட.
தமிழ் மட்டும் பாக்கி.
பக்கத்துக்கு ஓரணா.

முதல் சொல்லில் தடங்கலில்லை. 'முதல்' என்றே எழுதினேன்.
முதல் என்றால் தொடக்கம். முதல் என்றால் போட்ட பணம்.
பணம் போட்டவனிடமிருந்தே எல்லாம் தொடங்குவதாக
எங்கள் மொழி எப்போதோ ஒப்புக்கொண்டிருக்கிறது,
எந்த லேவாதேவிக்காரன் சாட்சிக் கையெழுத்துப் போட்டானோ.

நிலத்துக்காரன் வாங்குவது வாரம்.
இங்கே நிலமேது என்று வெளியே பார்த்தேன்.
ஏழு பாகம் ஆழத்தில் கிடக்கும் மணலுக்கும்
ராமநாதபுரத்து அரண்மனையில் குத்தகைச் சீட்டு இருக்கிறது.
மீனுக்கு அது தெரியாது.

மூன்றாம் அத்தியாயம்:
ஒரு பண்டத்தின் மதிப்பு அதில் இறங்கிய உழைப்பு.
பிடித்திருந்தது. கடலில் நனைத்துப் பார்க்கலாமென்று
கரைக்குப் போனேன்.

சீனி உதுமான் குளித்து ஏறியிருந்தான். மூக்கில் கொஞ்சம் ரத்தம்.
பலகை ஓட்டையில் சங்கை விட்டுப் பார்க்கிறார்கள்:
நுழைந்தது கடலுக்கு, நுழையாதது டாக்காவுக்கு.
அங்கே அறுத்து வளையலாக்குவார்களாம்.
ஒரு மூச்சுக்கு இரண்டு, சில நேரம் ஒன்று,
சில நேரம் கை நிறைய மணல்
என்று நான் எழுதிக்கொண்டிருக்கையில்
மடியிலிருந்து இன்னொன்றை எடுத்தான்.
அதன் வாய் மறுபக்கம் திறந்திருந்தது.

குத்தகைக்காரர் எழுந்து நின்றார்.
வலம்புரி.

அதே மணல், அதே ஆழம், அதே மூச்சு.
எங்கோ ஒரு ஜமீன் பூஜையறையில் இதற்கு ஒரு தோணி விலை.
உனக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
"எண்ணிக்கைக்குத்தானே கூலி," என்றான் உதுமான்.
"அதுவும் ஒன்றுதானே."

மூன்றாம் அத்தியாயத்தின் ஓரத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டேன். பிறகு, துரை பார்ப்பாரே என்று
கரையான் அரித்ததுபோல் நகத்தால் சுரண்டிவிட்டேன்.

தடையில்லா வாணிகம் பற்றிய பகுதி அழகு.
காற்று போவதுபோல் சரக்கு போகவேண்டுமாம்,
வாசலில் யாரும் நின்று கேட்கக்கூடாதாம்.
அதைப் பெயர்த்த ராத்திரி
வாலிநோக்கத்தில் முந்தானையில் உப்பு முடிந்துவந்த
இரண்டு பெண்களைச் சர்க்கார் சேவகர் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.
அளத்து உப்புகூட இல்லை,
ஓடையில் தானாய்ப் பூத்தது.
மகஜர் எழுத ஆளில்லை. நான்தான் எழுதினேன்.
பேனாவைத் துடைக்கவில்லை. ஒரே மைதானே.

கூலிக்கு மட்டும் யோசிக்கவே வேண்டாமென்றிருந்தேன்.
உழைத்தவன் கைக்கு வருவது கூலி.
தேவிபட்டினத்துக்கு ஒரு நகல் கொடுக்கப் போனபோது
தோணித்துறையில் கங்காணி ஒரு சீட்டை நீட்டினான்.
இங்கிலீஷ். வாசித்துச் சொன்னேன்:
"கூலி, நாற்பத்தொன்று. மன்னார் வழி. காப்பித் தோட்டம்."
"நாற்பத்தொரு பணமா?" என்றான் வரிசையில் ஒருவன், ஆவலாய்.

நான் வரிசையை எண்ணினேன்.
கைக்குழந்தைகளைச் சேர்த்தால் நாற்பத்து மூன்று.

எங்கள் சொல்தான், எழுத்து வேறு.
ஆள் கையில் நாங்கள் வைத்ததை
அவர்கள் ஆளுக்கே பேராக ஒட்டியிருந்தார்கள்.
புத்தகம் எந்தக் கடல்வழி வந்ததோ
அந்த வழியில்தான் இதுவும் போயிருக்கவேண்டும்.
சுங்கத்தில் யாரும் நிறுத்தியதாகத் தெரியவில்லை.

பங்குனி முடிவதற்குள் அனுப்பிவிட்டேன். நூற்றெண்பது பக்கம்,
பதினொரு ரூபாய் நாலணா வரவேண்டும்.
கூலி வருமிடத்தில் மட்டும்
இரண்டு விரல் அகலம் எழுதாமல் விட்டிருந்தேன்.

வெற்றிடத்துக்கு மூன்று காசு பிடித்துக்கொண்டு
மீதியைத் தந்தார்கள்.