ஒன்றுவிட்ட இரவுகள்

சிறுநீரகம் ரெண்டும் சுருங்கிப்போச்சு என்றார்
மார்த்தாண்டத்து மிருக டாக்டர்.
பதினாறு வயசு, இனி என்ன என்று சொல்லவில்லை.
ஒன்றுவிட்ட நாள் நூறு மில்லி,
தோலுக்கடியில், வீட்டில் வைத்தே ஏற்றலாம்.
என் கையைப் பார்த்தார்.
'பால்வெட்டா? அப்ப உமக்கு வரும்.'

வந்துவிடவில்லை.
முப்பது வருஷம் தடியைத் தொடாமல்
பட்டைக்குள் கத்தியை இழுத்த கை
முதல் ராத்திரி ஊசியை
இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்தது.
நூறு மில்லியும் பாயில்.
பூச்சை நனைந்து, நான் நனைந்து,
மேசையில் சாய்த்துவைத்த போனுக்குள்
மஸ்கட்டிலிருந்து அவள் சிரித்தது
பாதி அழுகைபோலக் கேட்டது.

ரெண்டு கை போதாது இதற்கு.
தோலைக் கூடாரம்போல் தூக்க ஒன்று,
ஊசிக்கு ஒன்று,
நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க இன்னும் ரெண்டு.
அருமனையில் அந்த நேரத்துக்கு
கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடுதான்.
என் அண்ணன் வீடு.
நடுவில் ஒரு மதில், ஒரு கேஸ்,
பதினாறு வருஷம்.

இதற்குச் சர்வேயர் என்று பேர் விழுந்ததே அந்த மதிலால்தான்.
தாலுகாவிலிருந்து வந்தவர் மழைக்குப் பயந்து
பாதியில் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போக,
மூணு மாசக் குட்டி இது,
கிழக்கு மூலையிலிருந்து ஓடைக்கரைவரை
மதில்மேல் நடந்து முடித்தது.
அன்றிலிருந்து ரெண்டு வீட்டிலும் மீன்தலை தின்றது.

நான் கூப்பிடவில்லை.
மூன்றாம் தடவை அது கத்தின கத்தலில்
ரோஸ்லெட் மைனி தானே வந்தாள்,
நைட்டிமேல் துவர்த்தைப் போட்டுக்கொண்டு.
'இஞ்ச தா.'
துவர்த்தில் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி
காதுக்குப் பின்னால் ஒற்றை விரலால் தடவினாள்.
சர்வேயர் அடங்கிற்று.

அதிலிருந்து ஒன்றுவிட்ட நாள், எட்டரைக்கு.
காலெண்டர் தொங்கின ஆணியில் இப்போது பாட்டில்.
வெந்நீரில் போட்டுச் சூடாக்கி வைத்திருப்பேன்;
மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள்,
பிள்ளைக்குப் பால் பார்க்கிறாற்போல்.
பிறகு சொட்டு விழும் குழாயை
ரெண்டுபேரும் பார்த்துக்கொண்டிருப்போம்.
வேறெதையும் பார்க்க வேண்டாம் என்பது
அதிலுள்ள சவுகரியம்.
ஒருநாள் கட்டஞ்சாயா போட்டுவைத்தேன்.
தொடவில்லை. ஆறினதை நானே குடித்தேன்.
அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை.
தெரியும். எட்டரைக்கு அந்த முற்றத்தில்
லைட்டு எரிகிறது, அவள் திரும்பும்வரை.

தோளில் ஏறின தண்ணீர் முன்னங்காலுக்கு இறங்கி
கள்ளன் மடியில் தேங்காய்போலத் தொங்கும்.
அதோடு ஆடி ஆடி நடந்து
சாளைக்கறிச் சட்டியடியில் போய் நிற்கும்.
சாளை கூடாதென்று சொல்லியிருக்கு.
வாய் மூத்திரம் நாறுகிறது.
கால் மாத்திரையை வெண்ணெயில் பொதிந்தால்
வெண்ணெயை மட்டும் தின்னும் வித்தை தெரியும்.
மழை, வெட்டு இல்லை, பாட்டிலுக்குப் பணம்
மஸ்கட்டிலிருந்து வருகிறது.
நான் தின்றேனா என்று கேட்குமுன்
'பூச்ச மூத்திரம் போச்சா' என்பதும் வருகிறது.

பதினேழாம் தேதி குழித்துறையில் வாய்தா.
அன்றைக்குப் பாட்டிலும் உண்டு.
கோர்ட்டு வராந்தாவின் அந்த ஓரம்
வக்கீலோடு அண்ணன், பின்னால் மைனி.
கண்ணால் கேட்டாள், தின்றதா?
விரலைக் குவித்துக் காட்டினேன், கொஞ்சம்.
அண்ணன் பார்த்தான். திரும்பிக்கொண்டான்.
திரும்புமுன் அவன் உதடு
ஏதோ கேட்க வந்தாற்போல் இருந்தது.
எனக்குத் தோன்றினதாகவும் இருக்கும்.
கேஸை நவம்பருக்குத் தள்ளினார்கள்.
நவம்பர், பூச்சைக்குத் தூரம்.

ராத்திரி ஊசியை உருவினதும்
மதிலடியில் போய் மேலே பார்த்து நின்றது.
குதிக்கப் பின்கால் இல்லை இப்போது.
மைனி தூக்கிவைத்தாள்.
நாலு எட்டு நடந்து உட்கார்ந்துவிட்டது.
ஊசித்துளையிலிருந்து ஒரு சொட்டு கசிந்து
எந்தப் பக்கம் விழுந்ததோ, இருட்டு.
'நாளக் கழிஞ்சு வாறேன்' என்றாள்.
படியிறங்கி நின்று, என்னைப் பார்க்காமல்:
'பாட்டில் தீந்திருக்கு.
அவிய நாளைக்கு மார்த்தாண்டம் போறாவ.'