முக்கால் வோல்ட்

எனக்கு மின்னணுவியல் தெரியாது.
காற்புள்ளி தெரியும், அரைப்புள்ளி தெரியும்,
முக்காற்புள்ளியை எங்கே போடக்கூடாது என்பதும் தெரியும்.
லியெபாயா துறைமுகத்தில் பகலெல்லாம்
மரக்கட்டைக் கணக்கு எழுதுகிறவனுக்குக்
கலைக்களஞ்சியத்தில் கிடைத்த வேலை அதுதான்.

வியாழன் இரவு கூடுவோம்,
டிராம் பணிமனையின் மாடியில்.
ஜன்னலைக் காற்று உலுக்கிக்கொண்டே இருக்கும்;
இந்த ஊரில் காற்றுக்கு மட்டும் விடுமுறை கிடையாது.
விஸ்மா டிராமுக்குக் கம்பி இழுப்பவள்,
நகக்கண்ணில் கிரீஸோடு வருவாள்.
இல்க்வார்ஸ் கப்பலில் ரேடியோ பார்த்தவர்,
எதையும் இரண்டு முறை சொல்வார்,
இரைச்சலில் பழகிய வாய்.
நாங்கள் தூங்கப் போனதும்
வின்னிபெக்கில் தோர்வால்ட் என்றொருவர் உட்காருவார்,
சமன்பாடுகளில் விடுபட்ட கழித்தல் குறியைத் தேட.
அவர் முகம் தெரியாது.
அவருடைய கழித்தல் குறியை எங்கே பார்த்தாலும் தெரியும்.

பட்டியலில் அன்று
ஆயிரத்து நூற்று நாற்பது கட்டுரைகள்.
சான்றில்லாதவை, பாதியில் நின்றவை,
ஒரே மின்தேக்கியைப் பற்றி மூன்று பேர்
மூன்று இடத்தில், ஒருவரையொருவர் பாராமல் எழுதியவை.
"இணைத்துவிடலாம்" என்பாள் விஸ்மா.
"இணைக்காதே, இணைக்காதே" என்பார் இல்க்வார்ஸ்.
வண்ணப்பட்டை அட்டவணையைக்
கறுப்பில் தொடங்குவதா பழுப்பில் தொடங்குவதா என்று
ஒரு மார்ச் மாதமே கரைந்தது.
நான் நடுவில் ஒரு காற்புள்ளி போட்டு
மூச்சு விட இடம் செய்தேன்.

பிறகு அந்த வியாழன்.
ஜீனர் டையோடு கட்டுரையின் சுற்றுப்படம்.
விஸ்மா சூப் கரண்டியைக் கீழே வைத்தாள்.
"இது தலைகீழ்."
அம்பு தரையைப் பார்த்திருந்தது.
மேலே பார்த்திருக்க வேண்டும்.
இப்படிப் போட்டால்
ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில்
முக்கால் வோல்ட்தான் வரும், அதுவும் முக்கி முனகி.
யார் வரைந்தது என்று பின்னோக்கிப் புரட்டினோம்.
ஒன்பது ஆண்டு.
ஒரு ஜூன் இரவு, இரண்டு மணி பதினேழு நிமிடம்.
வரைந்தவர்: விஸ்மா.

இது நான் போட்ட முக்காற்புள்ளி அல்ல.

படத்துக்கு மொழி கிடையாது. ஆகவே
இருபத்துமூன்று மொழிகளில் அதே தவறு
எழுத்துப்பிழை இல்லாமல் குடியிருந்தது.
அவள் அம்பைத் திருப்பினாள். நாலு நிமிட வேலை.
குறிப்பில் எழுதினாள்:
"தலைகீழாக இருந்தது வரைந்தவள் நான்"
நடுவில் புள்ளி வேண்டும்.
முதல் தடவையாக நான் கைவைக்கவில்லை.

பதினோரு நாள் கழித்து
பொலிவியாவின் ஒரூரோவிலிருந்து ஒரு கடிதம்.
ரேடியோ பழுதுபார்க்கும் கடை, கசியானோ என்று கையெழுத்து.

"அந்தப் படம் தப்பென்று
எங்களுக்கு ஏழு வருடமாகத் தெரியும்.
கடைச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறோம்:
படத்தில் உள்ளதை மாற்றிப் போடு.
போன வாரம் நீங்கள் படத்தை மாற்றிவிட்டீர்கள்.
சுவரை யாரும் மாற்றவில்லை.
மூன்று ரேடியோ ஊமை. ஒன்று பாதிரியாருடையது."

இல்க்வார்ஸ் சிரித்தார், இரண்டு முறை.
விஸ்மா சிரிக்கவில்லை.
தெரிந்தும் ஏன் திருத்தவில்லை என்று கேட்டு எழுதினாள்.
பதில் அன்றிரவே வந்தது.
"திருத்தலாம் என்று
எங்கள் சுவரில் யாரும் எழுதவில்லையே."

அவள் அதை மூன்று தடவை படித்தாள்.
பிறகு எப்படித் திருத்துவது என்று
படிப்படியாக ஒரு பக்கம் எழுதி அனுப்பினாள்.
அதில் காற்புள்ளிகள் என்னுடையவை.

இப்போது பட்டியலில்
ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது.
இல்லை, நாற்பதேதான்.
காலையில் கசியானோ புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறார்:
மலை உயரத்தில் ரேடியோக்கள் ஏன் சூடேறுகின்றன என்று.
சான்று ஒன்றுகூட இல்லை,
நிறுத்தற்குறி மருந்துக்கும் இல்லை.
வோல்ட் எல்லாம் சரி என்கிறாள் விஸ்மா.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.