தெளிவு கோரி

அண்ணா சாலையில், எல்ஐசி கட்டடத்தின் நிழல் எட்டாத பக்கம்,
மூன்றாம் மாடியில் எனக்கொரு தற்காலிக நாற்காலி.
வெள்ளத்தில் போனவற்றின் பட்டியலைக்
கணினியில் ஏற்றும் வேலை.
டிராயருக்குள் குரூப் ஃபோர் வழிகாட்டி,
அணி இலக்கணத்தில் காது மடக்கியபடி.
இரண்டையும் சேர்த்தே படித்தேன். வேறு நேரமில்லை.

‘ஃபிரிட்ஜ் ஓடம்போல மிதந்து கூடத்துக்கு வந்தது.’
உவமை. உருபு ‘போல’. ஒரு மதிப்பெண்.
பதினெட்டாயிரம் என்று தட்டினேன்.

‘கழுத்தளவு தண்ணீர்’ என்றது பெரும்பாக்கத்துக் கடிதம்.
உயர்வு நவிற்சி என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.
பின்னால் ஒரு போட்டோ இணைத்திருந்தார்கள்:
சுவரில் சேற்றுக்கோடு,
கோட்டுக்கு மேலே காலண்டர்,
கோட்டுக்குக் கீழே சுவிட்ச் போர்டு.
ரப்பர் தேடி அழித்துவிட்டு எழுதினேன்:
தன்மை நவிற்சி. உள்ளது உள்ளபடி.

‘வேளச்சேரியே மூழ்கிடுச்சு சார்.’
இடவாகுபெயர், ஊர் மக்களுக்கு ஆகி வந்தது என்று நினைத்தேன்.
இல்லை. எதுவும் எதற்கும் ஆகி வரவில்லை.
இடம்தான் மூழ்கியது.

எல்லோரும் தண்ணீர் என்றே எழுதியிருந்தார்கள்,
ஒருவர்கூட சாக்கடை என்று எழுதவில்லை.
மூக்கைப் பிடித்துக்கொண்டு கற்ற இடக்கரடக்கல்.

‘ஏரி தன் இடத்தைக் கேட்டு வந்தது’ என்று எழுதிய
மெஹருன்னிசாவை எனக்குப் பிடித்துப்போனது.
தானாக நடந்ததன் மேல் தன் குறிப்பை ஏற்றுவது
தற்குறிப்பேற்றம், சரிதான்.
ஆனால் அவர் இணைத்த பழைய நகலில்
சர்வே எண்ணுக்கு நேரே ‘ஏரி உள்வாய்’ என்றிருந்தது.
அவர் எதையும் ஏற்றவில்லை.

‘ஒன்பது மாதமாக என்னை மறவாமல் கடிதம் போடும்
ஒரே உறவு தங்கள் கம்பெனிதான்.’
இதை வரதராஜுலு சார் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்தார்,
பாராட்டு என்று.
நான் வஞ்சப்புகழ்ச்சி என்று சொல்லவில்லை.
எனக்கு மாதச் சம்பளம் வேண்டும்.

பிறகு முடிச்சூர், கோ. தணிகாசலம்.
பீரோ ஒன்று. மிக்ஸி. தையல் மெஷின் இரண்டு.
நாலாவது வரியில்: அம்மா தவறிவிட்டார்.
காயம், இறப்பு என்று இரண்டு கட்டம். இரண்டிலும் டிக் இல்லை.
“வழுக்கி விழுந்தாங்களா, போய்ட்டாங்களா?
தெளிவு கேட்டு எழுதும்மா” என்றார் சார்.
எழுதினால் பதில் வர இருபது நாள் ஆகும்.
போன் போட்டேன்.

அந்தப் பக்கம் பஸ் ஹாரன், யாரோ டீ கேட்கும் சத்தம்.
“மாடிப்படியிலங்க. மூணாவது படி.
இருட்டுல கால் தவறி…
அப்படியே தவறிட்டாங்க.”

ஒரு சொல், இரண்டு பொருள்,
நடுவில் ஒரு மூச்சு.
சிலேடை என்றது என் மண்டைக்குள் ஒரு குரல்.
அந்தக் குரலுக்காக இன்றும் கூசுகிறேன்.
“அதுக்குத் தனி ஃபாரம் இருக்குங்களா?” என்று கேட்டார்.
இருக்கு என்றேன்.
கொஞ்ச நேரம் இருவரும் வைக்கவில்லை.

நவம்பரில், சைதாப்பேட்டைப் பள்ளியொன்றில்
எட்டாம் வகுப்புப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து எழுதினேன்.
கேள்வி அறுபத்திரண்டு.
‘தவறிவிட்டார்’ என்பது
இடக்கரடக்கலா, மங்கலமா, குழூஉக்குறியா, மரூஉவா?

விடை தெரியும்.
இரண்டாம் வட்டத்தைக் கறுப்பாக்கினேன்,
மை கோட்டைத் தாண்டாமல், மெதுவாக,
அடுத்த மூன்று கேள்விகளுக்கான நேரத்தையும்
அதிலேயே செலவழித்து.

கண்காணிப்பாளர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.
மழை, என்றார்.
அதற்கு மேல் அணி எதுவும் சேர்க்கவில்லை.