மைனஸ் மூன்று

தெலுக் பஹாங் ஜெட்டியில்
இஞ்சினை அணைத்துவிட்டு பஹாரோம் கேட்பார்:
"இன்றைக்கு எவ்வளவு கடல்?"
நாலு போத்தல் என்பேன்.
"போன வாரமும் நாலுதானே,
இன்னும் எண்ணி முடியவில்லையா?"

அரை லிட்டர் கடல்
ஐம்பது சென் அகலக் கண்ணாடி இழைத்தாளில் இறங்க
இருபது நிமிடம். பம்பு முனகும்.
மேலே தங்குவது ஒரு பழுப்புக் கறை,
கோப்பி குடித்த கோப்பையின் அடி.
பாசியின் உடம்பு, இறாலின் எச்சம்,
மழையோடு இறங்கிய மலைமண்,
ஏதோ ஒரு சிப்பிக்குஞ்சின் முதல் ஓடு.

எல்லாவற்றிலும் கரி உண்டு.
தின்றதும் தின்னப்பட்டதும் உயிர்க்கரி.
கட்டிக்கொண்ட வீடு ஓட்டுக்கரி.
கண்ணால் பிரிக்க முடியாது,
ஆகையால் இரண்டு தாள்.
ஒன்றை அப்படியே உலர்த்துவேன்.
மற்றதை மூடிய பேழைக்குள்
அமிலக் குவளைக்குப் பக்கத்தில் ஓரிரவு உட்கார வைப்பேன்.
அமிலம் தொடாது. மூச்சு மட்டும் விடும்.
விடிவதற்குள் வீடெல்லாம் காற்றாகிவிடும்,
குடியிருந்தவர்கள் மிச்சம்.

பிறகு இரண்டையும் ஆயிரம் டிகிரியில் எரித்து
முழுதிலிருந்து உயிரைக் கழித்தால்
ஓடு.
ஓட்டை இந்த அறையில் யாரும்
நேராக எடை போட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் நிலையம்:
முழுதும் இருநூற்றுப் பன்னிரண்டு.
உயிர் இருநூற்றுப் பதினைந்து.

பன்னிரண்டில் பதினைந்து போகாது,
பக்கத்தில் கடன் வாங்கு என்பார்கள் தமிழ்ப்பள்ளியில்.
பக்கத்தில் கடல்தான் இருக்கிறது.

டாக்டர் சியூ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பூஜ்யம் என்று போடு.
இல்லாததைவிடக் குறைவாக
எந்தக் கடலிலும் ஓடு கிடையாது."
சரிதான்.
ஆனால் கடலே படாத தாளை எரித்தாலும்
நாலு மைக்ரோகிராம் வருகிறது:
என் விரலோ, சுமத்ராவின் புகையோ,
கீழ்த்தளத்தில் யாரோ வறுத்த கொய்தியாவோ.
இரட்டைத் தாளிலும்
ஒரே கடல் இறங்குவதில்லை.

"பிளஸ் மூன்று வந்திருந்தால்
பூஜ்யம் போடச் சொல்லியிருப்பீர்களா?"

கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.
கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டி மட்டும் பேசியது.
மைனஸ் மூன்று என்றே எழுதினேன்,
பேனாவால்.

மறுவாரம் ஜெட்டியில் பஹாரோம்:
"இன்றைக்கு எவ்வளவு கடல்?"
நாலு போத்தல். பழைய பாக்கி
மூன்று மைக்ரோகிராம் நான் தர வேண்டும்.

"கடலுக்கா?" கயிற்றை வீசினார்.
"வரிசையில் நில்.
எனக்குப் பின்னால்."