ஐந்து லிட்டர்

ஜூலையில் பதினோரு நாள் மழை.
பன்னிரண்டாம் நாள் காலை
இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு
ஒபேன் எதுவும் சொல்லவில்லை.
அவன் பேசாமல் நின்றால்
அடிச்சாம்பல் நோய் என்று பொருள்.
கடன் என்றால் சீட்டியடிப்பான்.

நாங்கள் வளர்ப்பது அலிகோத்தே.
பர்கண்டியில் மரியாதைக்குரிய வெள்ளைத் திராட்சை வேறு,
அதற்குச் சரிவின் நடுவில் இடம்,
உலகமெல்லாம் பெயர்.
எங்களுடையது மேட்டில், காற்றில்,
கல்லுக்கு நடுவே கொஞ்சம் மண் கிடைத்த இடத்தில்.
புளிப்பு அதிகம் என்பார்கள்.
என்னைப் பற்றியும் அதைத்தான் சொல்வார்கள்.

மயில்துத்தத்துக்குக் கணக்கு உண்டு,
எக்டேருக்கு நான்கு கிலோ, மேலே ஒரு பிடி கூடாது.
தெளித்தோம். மழை கழுவியது.
தெளித்தோம். மழை கழுவியது.
சுண்ணாம்பில் கரைந்த அந்த நீலம்
கற்சுவரின் அடியில் ஓடி
சாலைக்குப் போய்ச் சேர்ந்தது.
செந்தட்டிக் கஷாயம் கொடுத்தோம்.
நோய் அதைக் குடித்துவிட்டுத்
தெம்பாக எழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் மொரிசோவின் கொடிகள்
பிளாஸ்டிக் போலப் பச்சை.
செவ்வாய்க்கிழமை ஒரே ஒருமுறை
டிராக்டரில் போய்வந்தார். மதியம் தூங்கினார்.
கெட்டவர் இல்லை.
எங்கள் எல்லை வரிசை வந்ததும்
குழாயை மூடிக்கொள்வார், கையசைப்பார்.
அந்தக் கையசைப்பைத்தான்
ஒபேனால் தாங்க முடியவில்லை.

வெள்ளி இரவு
குறடு தேடிக் கொட்டகைக்குப் போனேன்.
சங்கிலிக்குப் பின்னால், சாக்குக்குக் கீழே
ஐந்து லிட்டர் கேன்.
லேபிளில் ஒரு பட்ட மரம், ஒரு செத்த மீன்.
மூடியின் வளையம் உடையவில்லை.
கைப்பிடியில் செருகியிருந்த ரசீது
உள்ளூர்க் கடையுடையது அல்ல.
எழுபது கிலோமீட்டர் ஓட்டிப் போயிருக்கிறான்,
யாருக்கும் முகம் தெரியாத ஊருக்கு,
கள்ளக் காதலியைப் பார்க்கப் போகிறவன் மாதிரி.

முதலில் சிரிப்பு வந்தது.
பிறகு தூக்கிப் பார்த்தேன்.
பத்தொன்பது வருடம்
இதைவிடக் கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
முதல் மூன்று வருடம் சான்றிதழும் இல்லை,
அதே வேலை, பாதி விலை.
சொல்லிவிடுகிறேன்:
மூடியில் கை வைத்தேன்.
மேல்துண்டுக்கு மட்டும்,
சனிக்கிழமை விடியுமுன், காற்றில்லாத நேரத்தில், என்று
மனம் கணக்கை முடித்துவிட்டது.
ஒபேனுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும் அந்தக் கணக்கு.
தகரத்தில் மழை.
சாக்கை இருந்தபடியே போட்டு மூடினேன்.

காலையில் "குறடு கிடைத்ததா?" என்றான்.
"கிடைத்தது."
காபி ஆறும்வரை
இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.

செப்டம்பரில்
பறிக்க வந்தவர்கள் இரண்டாம் நாள் நண்பகலே முடித்துவிட்டு
கூலி வாங்கக் கூச்சப்பட்டார்கள்.
அவர்களுக்கு ஆக்கிய கறி
ஒரு வாரம் எங்கள் தட்டில் இருந்தது.
இருபத்திரண்டு பீப்பாய் நிரம்ப வேண்டிய இடத்தில் ஆறு.
தணிக்கைக்கு வந்த பெண்
பதிவேடெல்லாம் சரி என்று கையெழுத்திட்டு
கொட்டகைப் பக்கம் திரும்பினாள்.
நாங்கள் இருவரும் ஒரே நொடியில்
காபி கொண்டுவர எழுந்தோம்.

எழுந்தவர்கள்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நவம்பரில் நிலவறை.
ஆறாவது பீப்பாயில் காது வைத்து
"கிலேன், வந்து கேள்" என்றான்.
மறுபக்கம் குனிந்து நானும் வைத்தேன்.
ஈரத் துணியில் யாரோ மணலை இழுப்பது போல
உள்ளே சாறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.
எங்களுக்கு நடுவே இருநூற்று இருபத்தெட்டு லிட்டர்.
அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.

"அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது"
என்றது மரத்தின் வழியாக வந்த குரல்.
"தெரியும்."
"மொரிசோவுக்குக் கொடுத்துவிடட்டுமா?"

"விலைக்குக் கொடு" என்றேன்.
"ரசீது என்னிடம் இருக்கிறது."