பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவே

ஷார்ஜா, அல் நஹ்தா. காலை ஐந்து ஐம்பது.
எதிர்க் கட்டடத்தை விழுங்கிவிட்டு
ஏப்பம்கூட விடாமல் நின்றது பனி.

அஜினின் இடது ஷூ
ஒன்பதாம் மாடி பால்கனியிலிருந்து
நேற்றுச் சாயங்காலம் விழுந்துவிட்டது.
விழுந்தது என்பது அவன் சொல்.
பூனையைக் குறிபார்த்து எறிந்தான் என்பது
அக்கா பெனிட்டாவின் சொல்.
கார்களுக்கு அடியில் தேடினார்கள்,
குப்பைத் தொட்டிக்குப் பின்னால் தேடினார்கள்.
எதுவுமே கீழே வரவில்லை என்று
வாட்ச்மேன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

"தரைக்கு வரலன்னா
நடுவுல எங்கயோ இறங்கியிருக்கு" என்றாள் பெனிட்டா.
மூன்றாம் வகுப்பு. ஆடும் பல் ஒன்று.

லிஃப்டில் பன்னிரண்டு உண்டு, பதினான்கு உண்டு.
பதின்மூன்றை யாரோ பயந்து விட்டுவிட்டார்கள்.
இரண்டு பொத்தானையும் ஒரே மூச்சில் அழுத்தினாள்.
லிஃப்ட் கொஞ்சம் யோசித்தது.
தும்மியது.
திறந்தது.

சுவரில்லை, கூரையில்லை,
பனியே கடலாகி அலையடித்தது.
கொடியிலிருந்து காற்று களவாடிய துணியெல்லாம்
அங்கே பறவையாகியிருந்தன:
வேட்டி நாரை, கைக்குட்டைச் சிட்டு,
பையில் பேனாவோடு வட்டமிடும்
அப்பாவின் நீலச் சட்டை.
ஏசிப் பெட்டிகள் எருமைகளாய்ப் படுத்து
மூக்கு ஒழுக மூச்சுவிட்டன.

நெய் டின்னுக்குள்ளிருந்து எழுந்தது
கட்டைவிரல் உயர ஜின் ஒன்று.
கழுத்தில் அடையாள அட்டை.
"விசா?"
"அப்பா விசாவுல இருக்கோம்."
"அது கீழே செல்லும். இங்கே ஆளுக்கு ஒரு பல்."
பெனிட்டா நாக்கால் ஒரு தள்ளு தள்ளி
கையில் வைத்தாள்.
"இவன் பேர்?"
"அஜின்."
"அ-ஜின். ஜின் இல்லைன்னு பேர்லயே இருக்கு.
அப்ப இவனுக்கு அரை டிக்கெட்.
உன் பல்லே ரெண்டு பேருக்கும் போதும்."

"ஒன்பதிலிருந்து விழுந்தது இவ்வளவு மேலே எப்படி?"
"இங்கே விழுவதெல்லாம் மேல்நோக்கித்தான்" என்று
சட்டம்போலச் சொல்லிவிட்டு
படகாக ஒரு குப்பூஸை மிதக்கவிட்டது.
சூடு ஆறாத, உப்பிய குப்பூஸ்.

பாதிக் கடலில் அஜினுக்குப் பசித்தது.
ஓரத்தில் ஒரே ஒரு கடி.
பனி குபுகுபுவென்று உள்ளே ஏறியது!
"துப்புடா!" என்றாள். அவன் விழுங்கியிருந்தான்.
முழங்கால், இடுப்பு, கழுத்துவரை பனி.
கூப்பிட நினைத்த பெயர் நினைவுக்கு வருமுன்
இறங்கிவிட்டது நீலச் சட்டை.
இரண்டு கையையும் நீளமாய் நீட்டியது.
டீசலும் வேர்வையும் மணக்க
தூக்கிக்கொண்டு பறந்தது.

தண்ணீர்த் தொட்டித் தீவில் கிடந்தது ஷூ.
உள்ளே ஒரு பாலைவன முள்ளெலி.
அதன் வயிற்றோடு நாலு குட்டி,
வேர்க்கடலை அளவு, கண் திறக்காமல்.
முள்ளெலி உறுமவில்லை. சிலிர்க்கவுமில்லை.
ஷூவின் நாக்கை மட்டும்
போர்வைபோல் இழுத்து மூடிக்கொண்டது.

அஜின் வெகுநேரம் குந்தியிருந்தான்.
"ஒரே ரூம்ல இத்தனை பேரா?
நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்றான்.

தூரத்தில் பள்ளிப் பேருந்து ஹாரன்.
லேஸை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாமா என்று
கேட்க வாய்திறந்த பெனிட்டா
மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு ஒரு காலில் கறுப்பு ஷூ,
மறு காலில் பாத்ரூம் செருப்பு.
மிஸ் டைரியில் சிவப்பு மையில் எழுதினார்.
அம்மா டைரியைப் படித்தாள்,
பல்லில்லா இடத்தைப் பார்த்தாள்,
எதை முதலில் கேட்பது என்று தெரியாமல்
அடுப்பை அணைத்தாள்.

இரவு, விளக்கணைந்த பின்
இரண்டு பேரும் பால்கனிக்கு வந்தார்கள்.
அஜின் வலது ஷூவைத் துடைத்தான்,
உள்ளே தன் கம்பளிச் சாக்ஸைத் திணித்தான்,
இந்த முறை யாரையும் குறிபார்க்காமல்
மெல்லக் கைவிட்டான்.

கம்பியில் கன்னம் பதித்து
விழும் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள்.

நூறுவரை எண்ணிவிட்டு
தூங்கப் போனார்கள்.