யூனிட்

பதினெட்டு வருடமாக
உத்துவாதோவுக்கு மேலே போகும் மலைச்சாலையில்
மீட்டர் பார்க்கிறவள் நான்.
எந்த வீட்டு நாய் கடிக்கும்,
எந்தப் பெட்டிக்குப் பின்னால் குளவி கட்டியிருக்கும்,
யார் காந்தம் ஒட்டி அதைத் தூங்கவைக்கிறார்கள்,
எல்லாம் தெரியும்.

புயல் போன மறுநாள்
கம்பங்கள் பள்ளத்தில் படுத்திருந்தன.
பாலம் இருந்த இடத்தில் ஆறு.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி நிற்கிறது,
உள்ளே தண்ணீரும் பிஸ்கட்டும் என்றார்கள்.
பார்த்தவர் யாருமில்லை.

பழக்கதோஷம், நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.
வீட்டெண், பெயர், பழைய அளவு, புதிய அளவு, யூனிட்.
அச்சடித்த கட்டங்கள் சும்மா கிடந்தன.
நெரெய்தா வீட்டுக் கூரை காபிச் சரிவில் கிடந்தது;
அவள் மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.
“சேம்புக்கு ஒன்றும் ஆகவில்லை,
மண்ணுக்குள் இருக்கிறதல்லவா, அதற்குச் சேதி போகவில்லை” என்றாள்.

எழுதினேன்.
வீடு 14: சேம்பு, நாற்பது தூர்.
வீடு 15: மரவள்ளி. தண்டு முறிந்தது, கிழங்கு உண்டு.
வீடு 19: துவரை விதை, மயோனைஸ் பாட்டிலில் பாதி.
வீடு 16: ஒன்றுமில்லை. ஆறு பேர்.

பூட்டிக்கிடந்த பள்ளிக்கூட மைதானத்தில் கூடினோம்.
பிள்ளைகள் போதவில்லை என்று மூடியது.
அந்த வாரம்
போதுமான பிள்ளைகள் இருந்தார்கள்.

வெள்ளம் சுவரில் சேற்றால் கோடு போட்டிருந்தது,
எங்கே நுழைந்தது, எங்கே திரும்பியது, எங்கே சுழன்றது என்று.
எந்தப் பொறியாளரும் எங்களுக்கு
இத்தனை தெளிவாக வரைந்து காட்டியதில்லை.
எலியேசர் மூன்று குச்சியைச் சேர்த்துக் கட்டி
நூலில் ரம் பாட்டிலைத் தொங்கவிட்டு
மட்டம் பார்த்தான்.
அவன் நட்ட முளைகளை ஒட்டி வாய்க்கால் வெட்டி
விழுந்த மரங்களையே உள்ளே அடுக்கி மூடினோம்.
தொள்ளாயிரம் காபிச் செடி போன ஒப்தூலியோ
தொப்பியைக் கழற்றினார்.
வியர்வை துடைக்கத்தான் என்றார் பிறகு.

கக்கூஸைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
வாளியில் போங்கள், மேலே மரத்தூள் போடுங்கள்,
வருடம் கழித்து வாழைக்கு ஆகும் என்று மிக்தாலியா சொன்னபோது
பாதிரியார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
ஐந்தாம் நாள்
அவரே தூள் சலித்துக்கொண்டிருந்தார்.

லாரி வந்தது, இருபத்துமூன்றாம் நாள்.
பிஸ்கட்டோடு விதைப் பொட்டலமும்.
தக்காளி எட்டு முளைத்தது, எட்டும் அழுகியது.
பொட்டலத்தை வேலியில் குத்திவைத்தோம்.
படம் நன்றாக இருந்தது.

சேம்பு ஒன்பது மாதம் கேட்கும்.
வயிறு ஒன்பது மணி நேரம் தராது.
கிழங்கை அறுத்துத் தின்றோம்,
தலையைத் திரும்ப நட்டோம்.
நட்ட தலைகளில் பதினொன்றை
ஒரு ராத்திரியில் யாரோ தோண்டிப்போனார்கள்.

நாய் குரைக்கவில்லை.
எந்த நாய் யாருக்குக் குரைக்காது என்று எனக்குத் தெரியும்.
காந்தம் ஒட்டியவர்களையும்
நான் எழுதிக்கொடுத்ததில்லை.
மறுநாள் நெரெய்தாவிடம் கேட்டு
இன்னும் பதினொன்று வாங்கி
வீடு 16-இன் பின்வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.
கதவு லேசாகத் திறந்து மூடியது.

ஏழாம் மாதம் கரண்ட் வந்தது,
பட்டப்பகலில், யாருக்கும் தெரியாமல்.
ஒப்தூலியோ வீட்டு ரேடியோ தானாகப் பேச
துவரை வரிசையிலிருந்து நிமிர்ந்து
“யாரது?” என்று கேட்டார்.

அலுவலகத்தில் புது நோட்டு கொடுத்தார்கள்,
பழையதைத் திருப்பிக் கேட்டார்கள்.
வெள்ளத்தில் போய்விட்டது என்றேன்.

வீடு 16: பதினேழு தூர்.
போன வாரம் எண்ணியது.